பத்தி ஏழு, பத்தி பன்னிரண்டு

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம், மூன்றாம் மாடி.
மின்விசிறி வேலூர் வெயிலையே
ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோடுகிறது.
என் வேலை ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழாக்குவது.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இன்று ஒரு மாடு.
பொய்கைச் சந்தை, செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்.
விற்றவர் முனிரத்தினம்.
வாங்கியவள் அணைக்கட்டு நவநீதம்.
துண்டுக்கு அடியில் விரல்கள் பேசி முடித்த விலை
அறுபத்தெட்டாயிரம்.
வேளைக்கு ஏழு லிட்டர் என்றது தரகர் வாய்.
ஆமாம் என்றது மடி,
காம்பு விறைத்து, நரம்பு புடைத்து,
இரண்டு நாள் கறக்காமல் கட்டிவைத்த மடி.
சங்கத்துப் பால் அட்டையில்
மறுவாரம் முழுக்க மூன்று, மூன்று, இரண்டரை.

பத்தி ஏழில் நீதிபதி எழுதுகிறார்:
மடியின் பருமன் உண்மையான கறவையை 'பிலை' செய்தது.
பத்தி பன்னிரண்டில்:
தீனி போடாமல் கெடுத்தாள் என்னும் எதிர்த்தரப்பு வாதத்தைத்
தவிட்டுக்கடை ரசீதுகள் 'பிலை' செய்கின்றன.

ஒரே வினைச்சொல்.
ஏழில் பொய்க்குச் சட்டை மாட்டுகிறது.
பன்னிரண்டில் அதே கையால் கழற்றுகிறது.

அகராதியை இழுத்தேன்.
'லை' என்றால் பொய், அது தெரியும்.
முன்னால் ஒட்டியிருக்கும் 'பி'
சுற்றிலும், மேலெல்லாம் என்று சொல்லும் பழைய ஒட்டாம்.
ஆக, பொய்யைச் சாணிபோல் கரைத்து
ஒன்றின்மேல் மெழுகுவது.
முதலில் ஏமாற்று என்று இருந்தது,
பிறகு அடுத்தவன் பேரில் அபாண்டம்.
அப்புறம்தான் வாயில்லாதவையும்
பொய் சொல்லப் பழகின:
முகம், இஸ்திரி போட்ட சட்டை, மடி.
கடைசியாக ரசீது வந்து
நீ பொய் என்று நீட்டவும்
அதே சொல்லைத்தான் கடன் வாங்கியிருக்கிறது.

அடுத்த பதிவில் செத்துப்போன ஒரு சொல்.
எழுத்து அதேதான், வேர் வேறு:
சுற்றிக் கிடத்தல், முற்றுகையிடல்.
கோட்டை அகழி ஞாபகம் வந்தது.
படுத்தே கிடக்கும் பச்சைத் தண்ணீர்,
அதில் மதிலின் தலைகீழ் நிழல்.
இதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.
பத்து நிமிடம் சும்மா அதோடு இருந்தேன்.

நம்மிடம் மழை பொய்க்கும்.
வாக்கே கொடுக்காத வானத்தின்மேல்
எவ்வளவு லேசாகப் பொய்ச்சாட்சிப் பழி.
பாலாறும் தன் பெயரைப் பொய்க்கிறது என்று
எழுதாதவர்கள் இந்த ஊரில் குறைவு.
நானும் எழுதியிருக்கிறேன்.
ஒரு கார்த்திகையில் இரு கரையும் முட்ட வந்தது,
செங்காவி நிறத்தில், வேரோடு ஒரு புளியமரத்தைத் தூக்கிக்கொண்டு.
பாலத்தில் நின்ற கூட்டத்தில்
என் கவிதையோடு நானும் நின்றேன்.

டைப்பிஸ்ட் சற்குணத்துக்கு வாசித்துக் காட்டினால்
'பிழை' என்று அடிக்கிறான்.
அவன் நாக்கில் இரண்டும் ஒன்று.
தப்பும் பிழை. தப்பித்தலும் பிழை.
அழித்துவிட்டு
ஏழில் 'மறைத்தது' என்று போடச் சொன்னேன்.
பன்னிரண்டில் இடம் விடு, பிறகு சொல்கிறேன்.

நாலு மணிக்கு நவநீதமே வந்தாள், நகல் வாங்க.
"இன்னா எழுதிக்கீது?"
மாடு உன்னிடமே இருக்கட்டும்,
இழப்பீடு பதினெட்டாயிரம் என்றேன்.
எங்கள் யாரையும் பொய் சொல்லாத ஒரே சாட்சி
எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வித்துட்டேம்மா. போன செவ்வா."
எங்கே என்று கேட்கவில்லை.
"அதே சந்தைதான். அறுபத்தஞ்சு."
கட்டைப்பையில் நகலை நாலாய் மடித்து வைத்தாள்,
தண்ணீர் பாட்டிலுக்கு ஓரமாக, நனையாமல்.
"ரெண்டு நாள் மடிய தொடல."

அவள் முகத்தைப் பார்த்தேன்,
துண்டைப் பார்ப்பதுபோல.
சற்குணம் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு
பத்தி பன்னிரண்டுக்குக் காத்திருந்தான்.